சராசரி ஏறினால் ஞாபகம் ஏறியதாக அர்த்தமா?

கடலூரில் சமூக மருத்துவம் முதுநிலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கடலூர் முதுநகர், குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமங்களிலும் புதுச்சேரி பாகூர் பக்கத்திலும் 60 வயதைத் தாண்டியவர்களை இரண்டு ஆண்டு இடைவெளியில் மூன்று சுற்று பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எம்எம்எஸ்இ பரிசோதனை, அதாவது நினைவு, கணக்கு, மொழி போன்றவற்றைச் சில கேள்விகளால் பார்ப்பது, 30 மதிப்பெண்ணுக்கு. முதல் சுற்றைவிட மூன்றாம் சுற்றில் சராசரி கூடியிருக்கிறது. "அப்போ நம்ம ஊர்ல ஞாபகசக்தி குறையலைன்னு எழுதிடலாம்" என்கிறார் கைடு. தவிர, படித்தவர்களுக்குச் சரிவு குறைவு என்று ரெக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) காட்டுகிறது. இரண்டையும் எழுதலாமா, சரியான மாடல் எது என்பதுதான் கேள்வி.

இரண்டையும் இப்போதைக்கு எழுதாதீர்கள். உங்கள் டேட்டாவில் மிக முக்கியமான வரிசைகள், மூன்றாம் சுற்றில் காலியாகக் கிடக்கும் வரிசைகள்தான். வந்தவர்களின் மதிப்பெண்ணுக்கு மாடல் போடுவதற்கு முன், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கணக்கு எடுக்க வேண்டும். வயதானவர்களின் அறிவாற்றல் சரிவைப் பற்றிய ஆய்வுகளில் இதைத் தள்ளிவிட்டு எடுத்த முடிவு எதுவும் நிற்காது.

நான்கு பேரை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை. முதல் சுற்றில் அவர்கள் வாங்கியது 27, 25, 20, 14. சராசரி 21.5. இரண்டாம் சுற்றுக்குள் 14 வாங்கியவர் இறந்துவிட்டார். மற்ற மூவருக்கும் 26, 24, 17. சராசரி 22.3. அதன் பிறகு 17 வாங்கிய அம்மாவைத் தனியாக விட முடியாது என்று மகள் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டார். மூன்றாம் சுற்றில் மிஞ்சிய இருவருக்கும் 25, 23. சராசரி 24. இரண்டாவது முறை பார்க்க முடிந்த எல்லோருமே இறங்கியிருக்கிறார்கள், ஒருவர்கூட ஏறவில்லை. ஆனால் சராசரி 21.5, 22.3, 24 என்று ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் கைடு பார்த்தது இப்படி ஒரு ஏற்றமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

"அப்படியானால் மூன்று சுற்றுக்கும் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமே" என்று தோன்றும். சரியாகாது. மேலே உள்ள எண்களில் கடைசிவரை இருந்த இருவரும் நான்கு ஆண்டில் இரண்டிரண்டு மதிப்பெண் இறங்கினார்கள். சென்னைக்குப் போன அம்மா இரண்டே ஆண்டில் மூன்று இறங்கினார். அவரைக் கழித்தால் வேகமாகச் சரிந்தவரையே கழித்ததாகிவிடும். சுற்றுகளின் சராசரிகளை ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போட்டால், ஒரு சுற்று விட்டுப்போனவரின் மொத்த வரிசையையும் அது பேசாமல் தூக்கிவிடும். அதனால் அது வேண்டாம். ஒரே ஆளின் பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஜி.இ.இ. முறையை, விட்டுப்போனவர்களுக்கு ஈடாக எடை போடாமல் ஓட்டினாலும் இதே சிக்கல்தான், ஏனென்றால் காலியிடங்கள் தற்செயலாக விழுந்தவை என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. வயதானவர்கள் விஷயத்தில் அப்படித் தற்செயலாக விழுவது அபூர்வம்.

இங்கே முதலில் கையில் எடுக்க வேண்டியது மிக்ஸ்டு எஃபெக்ட்ஸ் மாடல். லேர்டும் வேரும் 1982-இல் இதை மருத்துவப் புள்ளியியலுக்குப் பழக்கப்படுத்தினார்கள். எண்ணம் எளிமையானது. ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்க நிலை, ஒரு சரிவு வேகம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொடக்க நிலையும் ஒரு வேகமும் உண்டு. ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்பதை ரேண்டம் எஃபெக்ட் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சுற்று மட்டும் வந்தவரும் தம் இரண்டு புள்ளிகளோடு கணக்கில் இருப்பார். ஒரே சுற்றோடு நின்றவரும் வீணாகமாட்டார்: குறைவான இடத்தில் தொடங்குபவர்கள் வேகமாக இறங்குகிறார்கள் என்று மற்றவர்களின் டேட்டா சொன்னால், அந்தத் தொடர்பு வழியாக அவரும் விடைக்குள் வருகிறார். ஆர் மென்பொருளில் எல்எம்இ4 பேக்கேஜ் போதும். மூன்றே சுற்று என்பதால் தொடக்க நிலை, நேர்கோட்டு வேகம் இரண்டுக்கு மேல் ரேண்டம் எஃபெக்ட் வைக்காதீர்கள். வளைகோட்டை ஆளுக்கு ஆள் மாற விட்டால் அது டேட்டாவில் இல்லாததைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இந்த மாடல் எப்போது செல்லும்? ஒருவர் விலகியதற்கான காரணம் அவரைப் பற்றி ஏற்கெனவே பதிவானவற்றிலேயே தெரிந்தால் செல்லும். சென்னைக்குப் போன அம்மாவின் 20, 17 இரண்டும் நம் கையில் இருக்கின்றன. அவர் சரிந்துகொண்டிருந்தது மாடலுக்குத் தெரியும். மிஸ்ஸிங் அட் ரேண்டம் என்று 1976-இல் ரூபின் வரையறுத்தது இதைத்தான். பெயரில் ரேண்டம் இருப்பதால் பலரும் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பார்த்ததை வைத்து, பார்க்காததை நியாயமாக ஊகிக்க முடிகிறது என்பதுதான் பொருள்.

அது உடைகிற இடமும் உண்டு. இரண்டாம் சுற்றில் 26 வாங்கிய பெரியவர், ஆறு மாதம் கழித்துப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மூன்றாம் சுற்றில் களப்பணியாளர் போனபோது "இப்ப பேசுற நெலமையில இல்லைங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவருடைய பதிவில் கடைசியாக இருப்பது 26. அவர் நன்றாகவே இருந்திருப்பார் என்றுதான் மாடல் நினைத்துக்கொள்ளும். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் ஜாயின்ட் மாடல் இருக்கிறது. மதிப்பெண்ணின் பாதைக்கு ஒரு மிக்ஸ்டு மாடல், விலகலோ இறப்போ எப்போது நடக்கிறது என்பதற்கு ஒரு சர்வைவல் மாடல், இரண்டையும் ஒரே ரேண்டம் எஃபெக்ட் கோர்த்துக்கட்டும். ரிசோபூலோஸ் எழுதிய ஜேஎம், ஜேஎம்பேஸ்2 பேக்கேஜ்களில் செய்யலாம். ஆனால் சில நூறு பேராவது இல்லாவிட்டால் இது தள்ளாடும். தவிர, இதற்கும் தனக்கென்று நம்பிக்கைகள் உண்டு, அவற்றை டேட்டாவை வைத்துச் சோதிக்க முடியாது.

அதனால் ஜாயின்ட் மாடலை நம்புவதைவிட நான் முக்கியமாக நினைப்பது இரண்டு வேலைகள். ஒன்று, திரும்பக் களத்துக்குப் போவது. மூன்றாம் சுற்றில் விட்டுப்போன ஒவ்வொருவருக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: இறந்தாரா, எந்த மாதம், பிள்ளை வீட்டுக்குப் போனாரா, படுக்கையில் இருக்கிறாரா, மறுத்தாரா, கதவு பூட்டியிருந்ததா. "கிடைக்கவில்லை" என்று ஒரே குறியீடு போட்டு வைத்திருந்தால் அதைப் பிரித்தாக வேண்டும். கடலூர் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொடுத்துவரும் பெண்களுக்கு ஊரில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அத்துப்படி. அவர்களோடு உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் காலிக் கட்டங்களில் பெரும்பகுதிக்கு விவரம் கிடைத்துவிடும்.

பேச முடியாதவருக்கு மதிப்பெண் எடுக்க முடியாது, ஆனால் வீட்டாரைக் கேட்கலாம். வேலூரிலும் சென்னையிலும் டிமென்ஷியா (முதுமை மறதி நோய்) ஆய்வு நடத்திய 10/66 குழு, முதியவரிடம் கேட்கும் கேள்விகளோடு உடன் இருப்பவரிடம் கேட்கும் கேள்விகளையும் சேர்த்தே பரிசோதனையை அமைத்தது. குழு தொடங்கிய காலத்தில் உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காடு வளரும் நாடுகளில் இருந்தார்கள், ஆனால் அங்கே நடந்த ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று ஒப்பிட்டுக் கேட்கும் ஐக்யூகோட் படிவமும் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் சரி, மருமகளிடம் மாமியாரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது "நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லும் அதே பெண், கொல்லைப்புறத்தில் தனியாகக் கேட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் நின்றதையும், இருட்டியதும் "எங்க வூட்டுக்குப் போவணும்" என்று வாசலுக்குக் கிளம்புவதையும் சொல்வார். எப்போதிலிருந்து என்று ஆண்டு கேட்டால் பதில் வராது. "தானே புயலுக்கு முன்னாடியா பின்னாடியா? 2015 வெள்ளத்தப்போ? லாக்டவுன்லயா?" என்று கேட்டால் சட்டென்று வரும். தானே 2011 டிசம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. இந்தப் பகுதியில் அதை மறந்த வீடு கிடையாது.

இரண்டாவது வேலை, முடிவை வளைத்துப் பார்ப்பது. இறப்பைத் தவிர மற்ற காரணங்களால் விலகியவர்கள், மாடல் ஊகித்ததைவிடக் கூடுதலாக 1 மதிப்பெண் இறங்கியிருந்தால் விடை என்ன? 2 இறங்கியிருந்தால்? 4 இறங்கியிருந்தால்? எந்த இடத்தில் முடிவு கவிழ்கிறது என்பதை அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். கூடுதலாக ஒன்று இறங்கியதாக வைத்தாலே "சரிவு இல்லை" என்பது கவிழ்ந்தால் அந்த முடிவுக்குப் பலம் இல்லை என்பதைப் படிப்பவரே பார்த்துக்கொள்வார்.

இறந்தவர்களைத் தனியே பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைக்குப் போன அம்மாவுக்கு இன்றைக்கு ஒரு மதிப்பெண் உண்டு, நமக்குத்தான் தெரியாது. இறந்தவருக்கு அப்படி ஒன்றே இல்லை. சாதாரண மிக்ஸ்டு மாடலோ யாருமே சாகாத ஓர் ஊரைக் கற்பனை செய்துகொண்டு அங்கே சராசரி என்னவாகும் என்று சொல்கிறது. நோயின் போக்கு ஒருவருக்குள் எப்படி நகர்கிறது என்று கேட்டால் அந்த விடை உதவும். மாவட்டத்தில் அடுத்த ஐந்தாண்டில் எத்தனை பேருக்குப் பகல்நேரப் பராமரிப்பு தேவைப்படும் என்று கேட்டால் உதவாது, அங்கே உயிரோடு இருப்பவர்களின் நிலைதான் வேண்டும். எந்தக் கேள்வி உங்களுடையது என்று ஆய்வின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பழக்கம். முதல் தடவை இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது பலருக்கும் பதற்றம். "என்னைப் பைத்தியம்னு பாக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் தடவை என்ன கேட்பார்கள் என்று தெரிந்துவிடுகிறது, மூன்று சொற்களை நினைவில் வைக்கச் சொன்னால் அதற்கென்றே தயாராக இருக்கிறார்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் இந்தத் தாவல் பெரிது, அப்புறம் சிறிதாகிவிடும். அதனால் மாடலில் "இது முதல் சந்திப்பா" என்று ஒரு குறிமாறியைச் சேர்ப்பது வழக்கம். எல்லோருக்கும் இடைவெளி சரியாக இரண்டு ஆண்டு என்றால் பழக்கத்தையும் காலத்தையும் பிரிப்பது கடினம். வெள்ளத்தாலோ வேறு காரணத்தாலோ சிலருடைய சந்திப்பு எட்டு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம், பிரித்துப் பார்க்க அதுதான் வழி தருகிறது. சுற்று எண்ணைப் போடாமல் உண்மையான தேதியைப் போடுங்கள். சுற்றுக்குச் சுற்று களப்பணியாளர் மாறியிருந்தால் அவரையும் மாடலில் சேர்க்க வேண்டும். மூன்று சொற்களை நிறுத்தி நிதானமாகச் சொல்பவருக்கும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறவருக்கும் ஒரு மதிப்பெண் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

இனி அளவுகோலுக்கு வருகிறேன். நம் ஊர் ஆய்வுகளில் மிகுந்த அநியாயம் நடப்பது இங்கேதான்.

எம்எம்எஸ்இ 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் குழு மருத்துவமனை நோயாளிகளுக்காகச் செய்தது. அதில் 100-லிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5 மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு 1. ஆக முப்பதில் எட்டு மதிப்பெண் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியது. பென்சிலைக் கையில் பிடித்தே அறியாத ஒரு பாட்டி, மூளையில் ஒரு குறையும் இல்லாமல், 22-இல் தொடங்கலாம். முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்மணிக்கு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வராது. ஆனால் கூடை மீனுக்கு விலை பேசி, ஏற்கெனவே வாங்கிய கடனைக் கழித்து, ஐஸ் காசையும் தள்ளி, மிச்சம் இவ்வளவு என்று உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார். இந்தத் திறமை குறைய ஆரம்பித்தால் அதுதான் சரிவு. எம்எம்எஸ்இ அதைக் கேட்பதே இல்லை.

ஹரியானாவில் பல்லப்கரில் கங்குலி குழு 1995-இல் வெளியிட்ட எச்எம்எஸ்இ, அதாவது எம்எம்எஸ்இயின் இந்தி வடிவம், இதற்கு ஒரு வழி காட்டியது. ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். எழுதியதைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில் "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்றார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். தமிழில் செய்யும்போது தேதியிலும் ஜாக்கிரதை வேண்டும். "இன்னைக்கு என்ன தேதி?" என்றால் விழிக்கும் தாத்தா, "ஆடி பிறந்து பன்னெண்டு நாள் ஆச்சு" என்பார். அவருக்குக் காலம் தெரிகிறது. உங்கள் மூன்று சுற்றிலும் இதற்கு ஒரே விதியில் மதிப்பெண் போட்டார்களா என்று பாருங்கள். ஒரு சுற்றில் தமிழ் மாதத்தை ஏற்றுக்கொண்டு இன்னொன்றில் தள்ளியிருந்தால், அந்த ஒரு விதியே உங்களுக்கு ஒரு ஏற்றத்தையோ இறக்கத்தையோ உண்டாக்கியிருக்கும்.

அளவுகோலில் இன்னொரு கோளாறு, அதன் கோடுகள் சம தூரத்தில் இல்லை. 29-லிருந்து 27-க்கு இறங்குவதும் 17-லிருந்து 15-க்கு இறங்குவதும் எண்ணளவில் இரண்டுதான், மனிதரளவில் ஒன்றல்ல. மேலே 30 என்று கூரை இடிக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உள்ளுக்குள் கணிசமாக இறங்கிய பிறகும் 29 வாங்கிக்கொண்டிருப்பார், ஏனென்றால் அவருக்கு இந்தக் கேள்விகள் அத்தனை எளிது. சாதாரண நேர்கோட்டு மாடல் இதைச் சரிவின்மை என்று படித்துவிடும். பிரான்ஸில் செசில் ப்ரூஸ்ட்-லிமாவும் அவருடன் வேலை செய்பவர்களும் இதற்காகவே உருவாக்கிய எல்சிஎம்எம் பேக்கேஜ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அறிவாற்றல் ஒன்று சீராக நகர்கிறது, அதற்கும் பரிசோதனை மதிப்பெண்ணுக்கும் நடுவே ஒரு வளைந்த இணைப்பு இருக்கிறது என்று அது வைத்துக்கொள்ளும். இணைப்பின் வளைவை டேட்டாவிலிருந்தே கற்றுக்கொள்ளும். எல்எம்இ4-இல் ஒரு தடவை, எல்சிஎம்எம்-இல் ஸ்ப்லைன் (துண்டு துண்டாகக் கோர்த்த வளைகோடு) இணைப்போடு ஒரு தடவை என்று இரண்டிலும் ஓட்டுங்கள். முடிவு மாறினால் இரண்டாவதை நம்புங்கள்.

வயதைப் பற்றி. 62 வயதுக்காரரையும் 78 வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பதினாறு ஆண்டுச் சரிவு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஷை 1956-இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் பல வயதினரை அளந்தால் சரிவு சீக்கிரமே தொடங்குவது போலத் தெரிகிறது. ஒரே ஆட்களைத் தொடர்ந்து அளந்தால் அது தாமதமாகத்தான் தொடங்குகிறது. நடுவில் உள்ள வித்தியாசம், எந்த ஆண்டில் பிறந்தோம் என்பதில் இருக்கிறது. நம் பக்கத்துக்கு இது இன்னும் கூர்மை. 1940-இல் பிறந்த பெண்ணுக்குப் பள்ளி வயது வந்தபோது சுதந்திரமே வரவில்லை. 1952-இல் பிறந்தவருக்குப் பள்ளி வயது வந்தபோது காமராஜர் முதல்வர். ஊருக்கு ஊர் பள்ளி, மதிய உணவு. அதே 1940-இல் பாகூரில் பிறந்தவர் பிரெஞ்சு ஆட்சியில் வளர்ந்தவர். இவர்களுக்கு இடையே உள்ள மதிப்பெண் வித்தியாசத்தில் வயதுக்கு எவ்வளவு பங்கு, பள்ளிக்கு எவ்வளவு பங்கு?

ஆகவே மாடலில் வயதை ஒரே எண்ணாகப் போடாதீர்கள். சேர்ந்தபோது இருந்த வயது ஒரு மாறி, சேர்ந்து எத்தனை ஆண்டாயிற்று என்பது இன்னொரு மாறி. சரிவு என்று நீங்கள் பேசக்கூடியது இரண்டாவதை மட்டும்தான். வார்த்தையில் எழுதினால் இப்படி வரும்: மதிப்பெண் என்பது, சேர்ந்த வயது, சேர்ந்தபின் கடந்த ஆண்டுகள், இவ்விரண்டின் பெருக்கம், படிப்பு, படிப்பும் கடந்த ஆண்டுகளும் பெருகியது, முதல் சந்திப்பா என்ற குறி, களப்பணியாளர், அப்புறம் ஆளுக்கு ஆள் மாறும் தொடக்க நிலையும் வேகமும்.

வயது சொல்வதிலேயே பிழை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வயதைக் கேட்டால் 60, 65, 70 என்று முழு எண்ணில் குவியும். ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்தநாள் போட்ட பாட்டிமார் ஏராளம். உங்கள் டேட்டாவில் வயதின் கடைசி இலக்கத்தை ஒரு பட்டைப்படமாகப் போட்டால் 0-வும் 5-ம் உயர்ந்து நிற்கும். புதுச்சேரிப் பக்கம் இதற்கு நல்ல கைகாட்டி உண்டு. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப்போனபோது நடந்தீர்களா, ஓடி விளையாடினீர்களா, வயசுக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்டால், வயதை இரண்டு மூன்று ஆண்டுக்குள் பிடித்துவிடலாம்.

இப்போது படிப்பு. "படித்தவர்களுக்குச் சரிவு குறைவு" என்று உங்களுக்கு எப்படி வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. மூன்றாம் சுற்று மதிப்பெண்ணிலிருந்து முதல் சுற்று மதிப்பெண்ணைக் கழித்து, அந்த வித்தியாசத்தைப் படிப்பின் மீது ரெக்ரெஷன் போட்டு, முதல் சுற்று மதிப்பெண்ணையும் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்திருப்பீர்கள். எல்லாப் பாடநூலும் கட்டுப்படுத்தச் சொல்வதால் செய்வதுதான். இந்த இடத்தில் அது பொறி. கிளைமோரும் அவருடைய சகாக்களும் 2005-இல் இதே படிப்பு, அறிவாற்றல் சரிவு என்ற எடுத்துக்காட்டை வைத்தே காட்டினார்கள்.

ஏன் என்று பாருங்கள். முதல் சுற்றில் இருவர் 22 வாங்குகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், இன்னொருவர் பள்ளிக்கே போகாத விவசாயக் கூலி. ஆசிரியருக்கு இயல்பு 26 இருக்கும். அன்றைக்குத் தூக்கமில்லை, காது சரியாகக் கேட்கவில்லை. கூலிக்காரருக்கு இயல்பு 19 இருக்கும். அன்றைக்கு நல்ல நாள். அடுத்த முறை இருவரும் தங்கள் இயல்பை நோக்கித் திரும்புகிறார்கள்: ஆசிரியர் ஏறுகிறார், கூலிக்காரர் இறங்குகிறார். இருவருக்கும் உள்ளே ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் முதல் மதிப்பெண்ணைச் சமப்படுத்திவிட்டுப் பார்க்கும் ரெக்ரெஷன், படிப்பு காப்பாற்றியது என்று சொல்கிறது. ஒரு தடவை எடுத்த மதிப்பெண்ணில் பிழை இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். மிக்ஸ்டு மாடலில் முதல் மதிப்பெண்ணும் விளைவுகளில் ஒன்றுதானே தவிரக் கட்டுப்பாட்டு மாறி அல்ல, அதனால் இந்தப் பொறி அங்கே இல்லை. படிப்பின் தனிக் குணகம் தொடக்க நிலையைச் சொல்லும், படிப்பும் ஆண்டும் பெருகியதன் குணகம் வேகத்தைச் சொல்லும். நீங்கள் பேச விரும்புவது பின்னதைப் பற்றி.

பல நாடுகளின் நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், படிப்பு தொடக்க நிலையைத் தெளிவாக உயர்த்துகிறது. சரிவின் வேகத்தை அது பெரிதாக மாற்றுவதாகத் தெரியவில்லை. இதனால் படிப்பின் மதிப்பு குறையவில்லை. மேலிருந்து இறங்கத் தொடங்குகிறவர், அதே வேகத்தில் இறங்கினாலும், தானாகச் சமைக்க முடியாத, பணத்தைக் கையாள முடியாத கட்டத்தைப் பல ஆண்டு தாமதமாகத்தான் தொடுவார். உங்கள் டேட்டாவில் வேகத்திலும் வித்தியாசம் வந்தால், உடனே கூரையைச் சந்தேகியுங்கள். 29-இல் நிற்கும் ஆசிரியர்கள் இறங்காதது போலத் தெரிவதால் வந்த வித்தியாசமாக இருக்கலாம். எல்சிஎம்எம்-இல் ஓட்டியும் நின்றால் எழுதுங்கள்.

சரிவின் வேகம் ஓரிடத்தில் மாறுவதாக வைத்துக்கொள்ளும் சேஞ்ச்-பாயின்ட் மாடல் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிமென்ஷியாவுக்குப் போகிறவர்களுக்குச் சரிவு ஒரே சீராக இருப்பதில்லை, நோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேகம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் வளையும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு ஐந்தாறு அளவுகளாவது வேண்டும். மூன்றை வைத்து வேண்டாம்.

லாசி (இந்தியா முழுவதும் வயதானவர்களைப் பற்றி எடுக்கும் பெரிய ஆய்வு) எண்களோடு ஒப்பிடுவதிலும் கவனமாக இருங்கள். 2017–18-இல் நடந்த லாசி முதல் சுற்றில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியுமாக 72,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். அதன் டிமென்ஷியா பிரிவில் 60 வயதுக்கு மேற்பட்ட 4,096 பேரைப் பரிசோதித்து, இந்தியாவில் அந்த வயதினரில் 7.4 விழுக்காடு, அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியிட்டார்கள். அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற எண். நீங்கள் அளப்பது ஒருவர் எவ்வளவு வேகமாக இறங்குகிறார் என்பது. அறிமுக அத்தியாயத்தில் அந்த எண் இருக்கட்டும், முடிவுகள் அத்தியாயத்தில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வேலையை எங்கே தொடங்குவது? முதலில் விலகல் காரணப் பட்டியல். அதை வைத்து முதல் சுற்று மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: கடைசிவரை இருந்தவர்களுக்கு எவ்வளவு, விலகியவர்களுக்கு எவ்வளவு. விலகியவர்களின் தொடக்கம் கீழே இருந்தால், அந்த ஒரு படத்தைக் கைடிடம் காட்டுங்கள். ஞாபகசக்தி குறையவில்லை என்ற வாக்கியத்தை அவரே எடுத்துவிடச் சொல்வார், மாடல்வரை போகவே வேண்டியதில்லை.

இன்னொன்று, இதற்கு ஆய்வேடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு சுற்றுக்கு நடுவில் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கியவர்களின் பெயர்களை இந்த வாரமே தனியாக எடுங்கள். அவர்களில் சிலருக்குக் காது மந்தம், கண்புரை, பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, அல்லது தூக்க மாத்திரை காரணமாக இருக்கும், இவை சரிசெய்யக்கூடியவை. கண்புரை எடுத்துவிட்டு வந்தவருக்கு அடுத்த சுற்றில் மதிப்பெண் ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அதையும் டேட்டாவில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அனுப்ப ஒரு கடிதம் போதும். போய்வரப் பஸ் காசும், கூட வர ஒரு ஆளும் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள்.